நாலு உள்ளங்கை ரப்பர்

இவ்வளவுதான் என்று பெட்ரோ தன் கையை மேசைமேல் விரித்து வைத்துக் காட்டினான். கிரீஸ் படிந்த அகலமான கை. ஒரு டயர் தரையைத் தொடுகிற இடம் இந்த உள்ளங்கை அளவுதான் மேடம், நாலு டயருக்கு நாலு உள்ளங்கை, எஞ்சின், பிரேக், நீங்கள், உங்கள் வீட்டுக்காரர், எல்லாரும் இதன்மேல்தான் உட்கார்ந்து போகிறீர்கள் என்றான். ஐம்பத்தொன்பது வயது, முப்பத்தைந்து வருடம் நர்ஸ் வேலை, எத்தனையோ பிறப்பும் எத்தனையோ சாவும் பார்த்தவள், ஒரு டயர்க்காரனின் கையைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறேன். மணிக்கு நூறு கிலோமீட்டர் போகிற கார் நாலு உள்ளங்கையில். என் கையைத் திருப்பிப் பார்த்தேன், அவன் கையில் பாதிகூட இல்லை. அப்புறம் அவன் காரியத்துக்கு வந்தான். விண்டர் டயரா, ஆல்-சீசனா? உங்கள் காரின் அளவுக்கு ரெண்டும் இருக்கிறது. இப்போது கிடப்பது ஆல்-சீசன், தேய்ந்து மொட்டையாகிவிட்டது, மறுபடி அதையே போட்டால் வருஷம் முழுக்க ஓட்டலாம், விண்டர் என்றால் பனிக்காலத்துக்கு மட்டும், ஏப்ரலில் வந்து கழற்ற வேண்டும். அதோ லிஃப்டில் நிற்கிற வேன் கீழே இறங்கியதும் உங்கள் கார்தான் ஏறும், அதற்குள் சொல்லிவிடுங்கள் என்று போய்விட்டான். ஒரே ஒரு வார்த்தை. கனடாவில், கல்கரிக்குத் தெற்கே, அக்டோபர் கடைசியில், வாரம் மூன்று நாள் விடிவதற்கு முன்னால் கணவரை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகிறவள் கண்ணை மூடிக்கொண்டு விண்டர் என்று சொல்லியிருக்க வேண்டும். நாளை ராத்திரி முதல் பனி என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். நானோ பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

இந்த நாற்றம். கடைக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறியது இன்னும் இறங்கவில்லை. ரப்பர் நாற்றத்தை மணம் என்று சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் எங்கள் ஊரான குலசேகரத்தில் ரப்பர் ஷீட் புகைபோடும் கொட்டகைக்குப் பக்கத்து வீட்டில் வளரவில்லை. எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் பழுப்பு ஷீட்டுகள் துவைத்த துணிபோல வரிசையாகத் தொங்கும், என் பள்ளிக்கூடச் சீருடையில் அந்த நாற்றம், சோற்றில் அந்த நாற்றம், கோயிலில் முழங்கால் போட்டால் பக்கத்துப் பிள்ளை மூக்கைப் பொத்துவாள். நர்ஸ் படிக்கப் போனதே பாதி அதற்காகத்தான். டெட்டாலும் ஸ்பிரிட்டும் மணக்கிற இடத்தில் வாழ்நாள் முழுக்க இருந்துவிடலாம் என்று. சேவை மனப்பான்மை என்று நேர்முகத் தேர்வில் சொன்னதெல்லாம் சும்மா. கடல் தாண்டி, பனி விழுகிற தேசத்துக்கு வந்து, கடைசியில் காசு கொடுத்து அதே நாற்றத்துக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறேன், எதுக்குப் பயந்தாயோ அதன் மடியிலேயே போய் உட்கார் என்று யாரோ மேலேயிருந்து சிரிக்கிற மாதிரி. ஆனால் இன்றைக்கு எரிச்சல் வரவில்லை, என்னவோ செய்கிறது. ஒரு மரத்தின் பட்டையைக் கீறினால் பால் வடிகிறது, அந்தப் பால் கட்டியாகி, புகையில் கறுத்து, கப்பலேறி, எங்கேயோ ஒரு ஆலையில் வட்டமாகி, இந்த ஊர் ஐஸில் ஒரு மனிதனை விழாமல் பிடித்துக்கொள்கிறது. யார் யோசித்திருப்பார்கள் இதை? மரம் யோசித்திருக்காது. சுவரோரம் ரெண்டு அடுக்காக டயர்கள் நிற்கின்றன, இடதுபக்கம் நாலு, வலதுபக்கம் நாலு. தொட்டுப் பார்த்தேன். விண்டர் டயர் மெத்தென்று இருக்கிறது, பிள்ளையின் குதிகால் மாதிரி. ஏழு டிகிரிக்குக் கீழே போனால் ஆல்-சீசன் ரப்பர் விறைத்துவிடும், இது விறைக்காது என்றான் பெட்ரோ. ஏழு டிகிரி. எந்த ரப்பர் எப்போது மனசு மாறுகிறது என்றுகூட அளந்து வைத்திருக்கிறார்கள்.

"ஏட்டி புளோரா, ஐஸ் இன்னும் ஒண்ணு தருவியா?" என்றார் பக்கத்து நாற்காலியிலிருந்து. ஞானசிகாமணி, என் வீட்டுக்காரர், அறுபத்தாறு வயது, தொப்பி, மூக்குவரை மஃப்ளர். காபி மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார், கண் முழுதாகத் தெரியாது, பச்சை விளக்கு மட்டும் தெரியும், ஆனால் மணம் தெரியுமே. அவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று விதி, அதனால் குடிக்கக் கேட்டால் ஐஸ் கட்டி ஒன்று கொடுப்பேன், வாயில் போட்டு அடக்கிக்கொண்டால் அரைமணி நேரம் ஓடும். "தரமாட்டேன். இப்பதான தந்தேன்" என்றேன். "நீ நர்ஸா, போலீசா?" என்றார். பிறகு பையிலிருந்த ஃபிளாஸ்கைத் திறந்து ஒன்று கொடுத்தேன். இந்த மனிதர் இருபத்திரண்டு வருடம் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டினார். மைனஸ் முப்பதில், விடியாத இருட்டில், மஞ்சள் பஸ் நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு தடவைகூடச் சறுக்கியதில்லை, ஒரு கீறல் கிடையாது, அதற்குப் பாராட்டு எழுதி ஒரு மரப்பலகை கொடுத்திருக்கிறார்கள், ஹாலில் தொங்குகிறது. அப்புறம் சர்க்கரை கண்ணைப் பிடித்தது, லைசென்ஸ் போயிற்று, அப்புறம் கிட்னி. இப்போது என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு சிக்னலிலும் இல்லாத பிரேக்கை வலது காலால் அமுக்கிக்கொண்டு வருகிறார். ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டார், கால் மட்டும் பேசும். டயர் விஷயத்தில் வாயே திறக்கவில்லை, எனக்குத்தான் தெரியும், அவர் பலகைக்காரர், விண்டர் டயரைத் தவிர வேறெதையும் டயர் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார். ஆனால் உனக்க காரு, உனக்க இஷ்டம் என்று சொல்லிவிட்டார், அந்த மரியாதைதான் என்னைக் கொல்லுகிறது.

அவருடைய இடது கை மடிமேல் கிடக்கிறது, ஸ்வெட்டர் கைக்குள்ளே. டயாலிசிஸுக்காக அந்தக் கையில் ஒரு தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்து வைத்திருக்கிறார்கள், அந்த இடத்தில் ரத்தம் பாயும்போது தோலுக்கு மேலேயே தெரிகிற மாதிரி ஓர் அதிர்வு. காலையில் எழுந்ததும் அவர் ஒன்றும் பேசாமல் கையை நீட்டுவார், நான் அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன், ஓடுகிறதா என்று. அடைத்துக்கொண்டால் கை போயிற்று, கை போனால் மெஷினும் இல்லை. முப்பத்தைந்து வருடத்தில் எத்தனை பேருக்குப் பார்த்திருப்பேன், மரத்துப் போயிருக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு காலையும், அந்த உறுமல் உள்ளங்கையில் ஏறும்போது, அய்யோ என்று இருக்கிறது, ஒரு மனிதனை மோட்டார் மாதிரி ஓட வைத்துக்கொண்டிருப்பது எது என்று. அதுவும் உள்ளங்கை அளவுதான். பெட்ரோ சொன்னபோது எனக்கு வாய் அடைத்துப்போனது இதனால்தான் போலிருக்கிறது, இப்போதுதான் புரிகிறது. ஓடுகிற எல்லாமும் எங்கேயோ ஓரிடத்தில் உள்ளங்கை அளவாகிவிடுகிறது.

கார் வாங்கியது போன வருடம் செப்டம்பரில். சிவப்பு. ரெண்டே சீட்டு. தரையோடு தரையாகப் படுத்திருக்கும், பின்சக்கரம் தள்ளும் ஸ்போர்ட்ஸ் கார். நான் அதை ஒரு கடை வாசலில் பார்த்தேன், அது என்னைப் பார்த்தது, அவ்வளவுதான், விளக்கம் கேட்டால் என்னிடம் இல்லை. அறுபது வயதில் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று எங்கள் தமிழ் சபை முழுக்கப் பேச்சு. பின் சீட்டு இல்லாத காரில் விருந்தாளியை எங்கே உட்கார வைப்பாய் என்று கேட்டாள் ஒருத்தி. விருந்தாளியே வேண்டாம் என்றுதான் வாங்கினேன் என்றேன். ஆனாலும் சபையில் பிரதிஷ்டை ஜெபம் வைக்காமல் விடுவார்களா? ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் வாசலில் காரைச் சுற்றி நின்றார்கள், சபை மூப்பர் தேவவரம் ஜெப எண்ணெய்க் குப்பியோடு வந்தார். எழுபது வயது, தங்கமான மனுஷன், எதைச் செய்தாலும் தாராளமாகச் செய்வார். மற்றவர்கள் வண்டிக்கு முன்னால் ஒரு பொட்டு எண்ணெய் வைப்பார்கள். இவர் ஸ்டியரிங்கில் பூசி, கதவில் பூசி, பிறகு குனிந்து, ஓடுகிறதெல்லாம் சக்கரந்தானே என்று, ஆலிவ் எண்ணெயைக் கைநிறைய ஊற்றி நாலு டயரிலும், தரையில் படுகிற இடத்தில், வழவழவென்று தேய்த்துவிட்டார். அல்லேலூயா என்று நான் காரை எடுத்தேன். கேட்டுக்குப் பக்கத்தில் பிரேக் போட்டேன். கார் நிற்காமல் நிதானமாக வழுக்கிப்போய்க் குப்பைத் தொட்டியை முத்தமிட்டது. சத்துருவாகிய பிசாசு முதல் நாளே வேலையைக் காட்டிவிட்டான் என்றார் மூப்பர். அது எண்ணெய்க்க வேலை என்றார் இவர், என் காதில் மட்டும். அன்றைக்குச் சிரித்தோம். டிசம்பரில் டயாலிசிஸ் ஆரம்பித்தபோது மூப்பர் மறுபடி வீட்டுக்கு வந்தார், நாலைந்து சாலைவிபத்துச் செய்திகளைக் கேட்டுக் கலங்கிப்போய், கேரேஜில் முழங்கால் போட்டு அழுது ஜெபித்து, மறுபடி நாலு டயருக்கும் எண்ணெய். அழுகிற மனுஷனிடம் டயரில் பூசாதீர்கள் என்று எப்படிச் சொல்ல? நான் டீ போடப் போய்விட்டேன். அன்றைக்குச் சாயங்காலம் இவர் கையில் எலுமிச்சை சோப்பு மணந்தது, கால்சட்டை முட்டி ஈரம். கண் தெரியாத நிலையிலும் எனக்காகப் பாத்திரம் கழுவி, தரையில் சிந்தியதையும் துடைத்திருக்கிறாரே என்று மனசு இளகிப் போனது. மறுநாள்தான் அது நடந்தது.

அதைப்பற்றி நினைக்க வேண்டாம் என்று நினைக்கும்போதே நினைத்தாயிற்று. புதன்கிழமை. இவரை மெஷினில் இணைத்துவிட்டு, நாலு மணிநேரம் இருக்கிறதே என்று, நான் தனியாக வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். எப்போதும் போகிற பெரிய ரோடு வேண்டாம் என்று வயல் வழியாகத் திரும்பினேன், ஏன் திரும்பினேன் என்று தெரியாது. ரெண்டு பக்கமும் அறுத்த கோதுமை வயல், மேலே வெள்ளை, மேற்கே மலை. சூரியன் அப்போதுதான் எழுந்திருந்தது. எதிரில் ஒரு ஈ காக்கை கிடையாது. லேசான வளைவு, நான் ஒன்றும் செய்யவில்லை, சத்தியமாக, கை ஸ்டியரிங்கில் சும்மா இருந்தது. பின்பக்கம் என்னை விட்டுப் போயிற்று. கார் என் பேச்சைக் கேட்பதை நிறுத்தியது எனக்கு முதுகெலும்பின் அடியில்தான் முதலில் தெரிந்தது. அப்புறம் உலகம் சுற்ற ஆரம்பித்தது. சத்தமே இல்லை. டயர் கிறீச்சிடும் என்று நினைப்போமே, இல்லை, ஐஸ்மேல் ஒரு சத்தமும் இல்லை. வயல் போயிற்று, வேலி போயிற்று, மலை வந்தது, முழு மலையும், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, வெயில் பட்டுச் செக்கச்செவேலென்று, என் கண்ணாடி வழியாக ஒரு பெரிய மனுஷி நடந்து போகிறமாதிரி மெதுவாகப் போயிற்று, சூரியன் வந்தது, கண்ணில் அடித்தது, போயிற்று, வயல், வேலி, மறுபடியும் மலை. பிரேக்கில் கால் வைத்தேனா, இயேசுவே என்றேனா, ஒன்றும் இல்லை. ஐம்பத்தெட்டு வருடமாக எதையோ இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன் என்பது அந்த இரண்டு மூன்று விநாடியில் தெரிந்தது, ஏனென்றால் அது விட்டுவிட்டது. என் கையில் ஒன்றும் இல்லை. நான் நடத்தவில்லை. ஆனாலும் நடந்துகொண்டிருக்கிறது, அழகாக நடந்துகொண்டிருக்கிறது. ஒன்றரைச் சுற்றுச் சுற்றி, கார் நடுரோட்டில், வந்த பக்கத்தைப் பார்த்து, யாரோ கையால் எடுத்து வைத்த மாதிரி நின்றது. எஞ்சின் அணைந்திருந்தது. என் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. நான் அழுதுகொண்டிருந்தேன், பயத்தில் இல்லை, இவ்வளவு பெரிய இடத்திலா நான் இத்தனை நாள் இருந்தேன் என்று.

யாரிடமும் சொல்லவில்லை. என்னவென்று சொல்ல? என் புருஷன் மெஷினில் கிடந்த நேரத்தில் நான் சாகப் பார்த்தேன், எனக்கு அது பிடித்திருந்தது என்றா? முதல் ஒரு வாரம் மூப்பரைத் திட்டினேன், மனசுக்குள்ளேதான், எண்ணெயைப் பூசி என்னைக் கொல்லப் பார்த்தாரே என்று. அப்புறம் எண்ணெய் இல்லாவிட்டால் பள்ளத்தில் போயிருப்பேனோ என்று ஒரு சந்தேகம், காப்பாற்றியதே அதுதானோ என்று. எண்ணெயா, ஐஸா, ரப்பரா, கையா? யாருடைய கை? பத்து மாதமாக அந்த இடத்திலேயே சிக்கிக்கொண்டு சுற்றுகிறேன். அதிலே ஒரு முள் உண்டு, அதைத் தொடாமல் சுற்றுகிறேன், இன்றைக்கு இந்த நாற்காலியில் உட்கார்ந்து தொட்டுவிட்டேன். விண்டர் டயர் போட்டால் கார் இனி என் பேச்சை மட்டுமே கேட்கும். அந்த மலை மறுபடி அப்படி வராது. ஆல்-சீசன் என்று சொல்ல எனக்கு நாக்கு துடிக்கிறது, வருஷம் முழுக்க ஓடும், ஏப்ரலில் அலைய வேண்டாம், இந்த ஊரில் நடுக்குளிரிலும் சூடான காற்றடித்துப் பனி உருகுமே, எல்லாக் காரணமும் கைவசம் இருக்கிறது, எல்லாம் பொய். உள்ளே ஒருத்தி, ரோட்டில் எங்கேயாவது ஒரு வளைவில் இன்னொரு தடவை கிடைக்காதா என்று காத்துக்கொண்டிருக்கிறாள். அந்த வளைவில் பக்கத்து சீட்டில் இவர் இருந்தால்? இந்தக் கை கதவில் இடித்தால்? தையல் போட்ட அந்த ரத்தக்குழாய் உடைந்தால் சில நிமிஷத்தில் முடிந்துவிடும், எனக்குத் தெரியும், நான் நர்ஸ். ஒரு அதிசயத்துக்காக ஒரு மனுஷனைப் பணயம் வைக்கப் பார்க்கிறாயா புளோராபாய்? லிஃப்ட் உஸ்ஸென்று காற்று விட்டது. வேன் ஒரு சாண் இறங்கியது.

"அத்தான்" என்றேன்.

"என்னட்டி?"

"ஒண்ணு சொல்லணும். ஏசப்பிடாது."

"சொல்லிட்டுப் பாரு."

"போன டிசம்பர்ல ஒரு நாளு. உங்கள ஆஸ்பத்திரியில விட்டுட்டு வாறப்போ, வயலு ரோட்டுல காரு சுத்திப்போச்சு. ஒண்ணரைச் சுத்து. எனக்கு ஒண்ணும் ஆகல்ல. காருக்கும் ஆகல்ல. உங்ககிட்ட சொல்லல்ல."

வாயில் ஐஸ் உருளுகிற சத்தம் நின்றது. நான் எதிரே சுவரில் இருந்த டயர் விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னைக்கு?"

"மூப்பர் ரெண்டாவது வாட்டி எண்ணெய் பூசினாருல்லா, அதுக்கு மறுநாளு."

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். முகம் வெளுத்துவிட்டது. சர்க்கரை இறங்கிவிட்டதோ என்று நான் பையில் மிட்டாயைத் தேடினேன். "அது எனக்க வேலையாக்கும்" என்றார்.

"என்னது?"

"மூப்பர் போனப் பிறவு, நீ அடுக்களையில நிக்கும்போ, நா கேரேஜுக்குப் போயி அந்த எண்ணெய எல்லாம் துடைச்சேன். பாத்திரம் கழுவுக சோப்பு வச்சு, பழைய துண்டு வச்சு. கண்ணு தெரியல்ல. முட்டுக்குத்தி, தடவித் தடவி, நாலு டயரும் துடைச்சேன். டிரைவரு புத்தி. டயர்ல எண்ணெய்ன்னா எனக்குப் பொறுக்கல்ல. பிறவுதான் தோணிச்சு, ஜெபிச்சுப் பூசின எண்ணெய எனக்க கையால துடைச்சுப் போட்டேனேன்னு. ஒனக்கு ஏதாம் ஆச்சுன்னா அதுக்கு நாதான காரணம்? அன்னைக்குப் பிடிச்சு இன்னைக்கு வர, நீ என்னெ மெஷின்ல விட்டுட்டுப் போனா, அந்த நாலு மணிக்கூறும் நா ஒறங்குகதில்ல. இவ திரும்பி வரணும், இவ திரும்பி வரணும்னு கெடந்து ஜெபிக்கேன்."

எலுமிச்சை சோப்பு. பாத்திரம் இல்லை. பத்து மாதமாக அவர் கண்ணை மூடிக் கிடப்பதைப் பார்த்து, நன்றாகத் தூங்கினார் என்று சார்ட்டில் எழுதுகிறார்களே அந்த டயாலிசிஸ் நர்ஸ் பெண்கள், நானும் நம்பினேனே. கண்ணுக்குத் தெரியாத டயரைத் தடவிக்கொண்டு, அழுத்தம் படக் கூடாத கையால், சிமெண்டுத் தரையில் முட்டி போட்டு. மூப்பர் முழங்கால் போட்ட அதே இடத்தில். ரெண்டு பேரும் எனக்காகத்தான், ஒருத்தர் பூசினார், ஒருத்தர் துடைத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது.

"நா எண்ணெயாலதான் சறுக்கிச்சுன்னு ஒரு வாரம் மூப்பர மனசுக்குள்ள ஏசினேன்" என்றேன்.

அவரும் சிரித்துவிட்டார், மூக்கால். பிறகு பழைய டிரைவர் குரலில், "ஆஸ்பத்திரி வர போயி, பாதி தூரம் திரும்பியும் வந்தாச்சு. அம்பது கிலோமீட்டர் ஓடின டயர்ல எண்ணெயும் இருக்காது, சோப்பும் இருக்காது. ரப்பரு குளிர்ல வெறச்சுப் போச்சு, அவ்வளவுதான். வேற யாரு மேலயும் குத்தம் இல்ல" என்றார். தனக்கே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது. இந்தப் பத்து மாதத்தில் யாராவது கேட்டு இதைச் சொல்ல வைத்திருந்தால் அவர் தூங்கியிருப்பார்.

"பயந்தியா?" என்றார்.

பயந்தேன் என்று சொல்லியிருக்கலாம், நல்ல மனைவிக்கு அதுதான் அழகு. "இல்ல" என்றேன்.

"பின்ன?"

"நல்லா இருந்து."

"நல்லா இருந்துன்னா?"

சொன்னேன். சத்தமே இல்லாதது, மலை ரெண்டு தடவை நடந்து போனது, சூரியன் கண்ணில் அடித்தது, கையில் ஒன்றும் இல்லாதது, யாரோ எடுத்து வைத்த மாதிரி நின்றது. சொல்லச் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது, டயர்க்கடையில் உட்கார்ந்து கிழவி பேசுகிற பேச்சா இது? அவர் அசையாமல் கேட்டார். கண் தெரியாதவர்கள் கேட்பது வேறு மாதிரி, முழு முகத்தையும் கொண்டு வந்து கேட்பார்கள். இப்போது ஏசுவார் என்று நினைத்தேன். பலகைக்காரர். பிள்ளைகள் நிறைந்த பஸ்ஸை இருபத்திரண்டு வருடம் முட்டை சுமந்த மாதிரி கொண்டு போனவர்.

"இருபத்திரெண்டு வருஷத்துல ஒருக்காகூட எனக்குச் சறுக்கினதில்ல" என்றார்.

"தெரியும்."

"ஒவ்வொரு நாளும் அதுக்குப் பயந்து பயந்துதான் ஓட்டினேன். அது எப்படி இருக்கும்னு தெரியாமலே போச்சு பாத்தியா."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வேன் தரையைத் தொட்டது, யாரோ அதைப் பின்னால் எடுத்தார்கள், பெட்ரோ கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றான். என்ன முடிவு மேடம் என்றான். விண்டர் என்றேன், நாலும். இவ்வளவு நேரம் எங்கே கிடந்தது அந்த வார்த்தை, எத்தனை சுலபமாக வந்தது. அவர் வலது கால், இல்லாத பிரேக்கின் மேலிருந்து எழுந்த மாதிரி, தரையில் சாவகாசமாக நீண்டது. பழையதைக் குப்பைக்கு அனுப்பிவிடுகிறேன் என்று பெட்ரோ திரும்பினான். இவர் என் கோட்டுக் கையைப் பிடித்து இழுத்தார்.

"அந்தப் பழைய நாலையும் எறியாண்டாம்னு சொல்லு."

"என்னத்துக்கு? மொட்டை டயரு."

"மொட்டையாத்தான் வேணும்" என்றார், குரலைத் தாழ்த்தி, பெட்ரோவுக்குத் தமிழ் தெரியும் என்பது போல. "எங்க பஸ் டிப்போக்குப் பின்னால ஒரு மைதானம் உண்டு. பெருசு. ஒரு தூணு கெடையாது, மரம் கெடையாது. பனி விழுந்தா ஒரு மனுஷனும் வரமாட்டான். மெஷின் இல்லாத நாளா பாத்து, ஒரு செவ்வாக்கிழமை, இந்த மொட்டைய மாட்டிட்டு, பைய ஓட்டிட்டுப் போயி, ஒரு சுத்து..." நிறுத்திக்கொண்டார். பிறகு, "மலை அங்கேந்தும் தெரியும். எனக்கு வெளிச்சம் மட்டும் தெரிஞ்சாப் போதும்" என்றார்.

பழையதை எறிய வேண்டாம் என்றேன் பெட்ரோவிடம். உங்கள் காரில் நாலு டயர் எப்படி மேடம் கொள்ளும், ரெண்டு பேரே நெருக்கித்தான் உட்கார வேண்டும் என்று சிரித்தான். "மூப்பருக்க வேன்ல வந்து எடுப்போம்" என்றார் இவர் தமிழிலேயே. "எண்ணெய்க் குப்பிய வீட்டுல வச்சிட்டு வரச் சொல்லு." நான் சிரித்த சிரிப்பில் கடைக்குள்ளே ரெண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். என் சிவப்புக் கார் லிஃப்டில் மெதுவாக எழுந்தது, சக்கரங்கள் தரையை விட்டு, தொடுவதற்கு ஒன்றும் இல்லாமல் சும்மா தொங்கின. அவர் ஸ்வெட்டரைச் சுருட்டி, காலையில் நீட்டுகிற மாதிரி இடது கையை என் பக்கம் நீட்டினார். பகல் பதினொரு மணிக்கு இதைச் செய்ததே இல்லை. அதன்மேல் என் உள்ளங்கையை வைத்தேன். ஓடிக்கொண்டிருந்தது.